10 அடி ஷட்டர் வாசலுக்கு மேலே வயர்கட் செங்கல்: எதன் மேல் உட்கார வைப்பது?

கோத்தகிரி_வீடு: கார் ஷெட் கட்டுறோம். உள்சுவர் 8 இன்ச் சாலிட் பிளாக், ஆர்.சி.சி. லிண்டல் (வாசலுக்கு மேல சுவரைத் தாங்குற கான்கிரீட் உத்தரம்) போட்டாச்சு. வெளியே ஒன்றரை இன்ச் இடைவெளி விட்டு நாலரை இன்ச் வயர்கட் செங்கல் (மெஷின்ல கம்பியால அறுத்தது), பூச்சு இல்லை. வாசலுக்கு மேல 3 அடி செங்கல் வருது. கலவைக்குள்ள ரெண்டு 12 எம்.எம். கம்பி போட்டா போதும்னு கொத்தனார் சொல்றார். தாங்குமா?

சைட்_குமார்: தாங்காதுங்க. அந்த 3 அடி மட்டுமே 600 கிலோவுக்கு வரும். செங்கல் தானா ஆர்ச் கட்டி பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளணும்னா வாசல் அகலத்தில் பாதி, அதாவது 5 அடிக்கு மேலயாவது சுவர் வேணும். உங்களுக்கு அது இல்லை, முழு எடையும் நேரா இறங்கும். செங்கலுக்கு நடுவுல 10 எம்.எம். கலவைச் சந்துக்குள்ள 12 எம்.எம். கம்பி எப்படி உட்காரும்? திணிச்சாலும் துரு ஏறி ஊதும்போது செங்கலைப் பிளந்துடும்.

150×115×8 எம்.எம். ஆங்கிள் (L வடிவ இரும்பு) போடுங்க, 150 பக்கம் நிமிர்ந்து நிக்கணும். ரெண்டு பக்கமும் செங்கல் மேல 8 இன்ச் பேரிங் (உட்காரும் நீளம்), மொத்தம் 11 அடி 4 இன்ச், 56 கிலோ. தொய்வு மூன்றரை எம்.எம்.க்குள்ள நிக்கும், நீளத்தில் 600-ல் ஒரு பங்கு, அதாவது 5 எம்.எம். சொச்சம் வரை பரவாயில்லை. 100×75×10 போட்டா உடையாது, ஆனா 9 எம்.எம்.க்கு மேல தொய்ஞ்சு சந்து விரியும்.

மலைக்கட்டு: அளவு சரி. நம்ம ஊர்ல அதைவிடப் பெரிய எதிரி தண்ணி. ஐப்பசி, கார்த்திகை மழை காத்தோட சேர்ந்து அடிச்சா நாலரை இன்ச் செங்கல் நனைஞ்சு, தண்ணி பின்பக்கமா இறங்கி ஆங்கிள் மேலதான் நிக்கும். அதனால வெட்டு, துளை எல்லாம் முடிச்ச பிறகே கால்வனைசிங்குக்கு (துருப்பிடிக்காம இருக்க துத்தநாகப் பூச்சு) அனுப்புங்க. ஆங்கிள் மேல நீர்த்தடுப்பு ஷீட் விரிச்சு, பின் ஓரத்தை உள்சுவரில் 8 இன்ச் மேல ஏத்தி சொருகுங்க. ரெண்டு முனையையும் மடிச்சு விடணும், இல்லைன்னா தண்ணி ஓரம் வழியா உள்ளே போகும். தண்ணி வெளியேற, முதல் வரிசையில் 2 அடிக்கு ஒரு செங்குத்துச் சந்தைக் கலவை வைக்காம விடுங்க. கட்டும்போது இடைவெளிக்குள்ள விழுற கலவை அந்த ஓட்டையை அடைச்சுடும். அதைத் தடுக்க இடைவெளி அகலத்துக்கு ஒரு ரீப்பரில் (மரச்சட்டம்) சாக்கு சுத்தி உள்ளே கிடத்தி, நாலு வரிசைக்கு ஒருக்கா தூக்கி வழிச்சு எடுங்க. குளிர்ல கலவை மெதுவாத்தான் இறுகும், ஆங்கிளுக்கு அடியில் முட்டு 14 நாள் இருக்கட்டும்.

கோத்தகிரி_வீடு: இடது பக்கம் செங்கல் தூண் 5 இன்ச்தான் இருக்கு. லிண்டலோட சேர்த்து போல்ட்டும் அடிச்சுடலாமா சார்?

சைட்_குமார்: தூண் மேலயும் உட்கார வைச்சு லிண்டல்லயும் போல்ட் அடிக்கிறது, ரெண்டும் சேர்த்து வேண்டாம். செங்கல் வெயில், ஈரத்துக்கு நகரும், கான்கிரீட் வேற மாதிரி நகரும். ரெண்டையும் பிடிச்சுக் கட்டினா முனையில் விரிசல் விழும். தூணை அகலப்படுத்த முடியலைன்னா முழுசா லிண்டல்லயே தொங்க விடுங்க: 18 இன்ச்சுக்கு ஒரு 12 எம்.எம். கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை வைச்சுப் பிடிக்கிற போல்ட்), லிண்டலின் அடிக்கம்பியைத் தொடாம. பிளாக்ல அடிக்கவே கூடாது. 115 பக்கத்தில் இடைவெளி போக 77 எம்.எம்.தான் செங்கலுக்குக் கிடைக்கும், குறைஞ்சது 76 வேணும். அதனால இடைவெளி ஒன்றரை இன்ச்சைத் தாண்டாம பாருங்க. அப்போ முனைகளுக்குக் கீழே கலவை வைக்காம 10 எம்.எம். ஃபோம் வைச்சு சீலன்ட் அடிங்க. லிண்டல் இந்த எடைக்குப் போட்டதான்னு டிசைன் பண்ணவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு துளை போடுங்க.