பழைய டோப்போ தாள் இன்றைய படத்தின்மேல் 200 மீட்டர் தள்ளி உட்காருகிறது: விலகல் எதனால், ஆண்டை எப்படிக் கணிப்பது?

தாள்வாசி (கேள்வி)

ஓர் ஊர் நூறாண்டில் எப்படி மாறியது என்பதைப் பழைய நிலத்தோற்ற வரைபடங்களிலிருந்து (டோப்போ தாள்கள்) எடுக்கும் வேலை. கையில் இரண்டு தாள்கள். ஒன்று மைலுக்கு ஓரங்குலம், அதாவது 1:63,360. ஓரத்தில் அளந்தது 1914–15, அச்சு 1931 என்று இருக்கிறது. மற்றது 1:50,000, அளந்தது 1972.

முதல் தாளை 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ஜியோரெஃபரன்சரில் (படத்தை நிலத்தின் ஆயங்களோடு பொருத்தும் கருவி) நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இட்டுப் பொருத்தினேன். பிழை ஒரு பிக்சல்தான் காட்டுகிறது. ஆனால் பாலம், ரயில் நிலையம், சாலைச் சந்திப்பு எல்லாமே ஒரே பக்கமாக ஏறத்தாழ 200 மீட்டர் விலகியிருக்கின்றன. ஏன்?

இரண்டாவது, முதல் தாளில் இல்லாத ஒரு சாலை அடுத்ததில் இருக்கிறது. அது எந்த ஆண்டு போட்டது என்று சொல்ல முடியுமா? மூன்றாவது, ஊருக்கு வடக்கே முதல் தாளில் வளைந்து போகும் ஒரு மண்மேட்டுக் குறி இருக்கிறது, அடுத்ததில் காணவில்லை. அது என்னவாக இருக்கும்?

கோட்டுவரி

எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் அது டேட்டம் பிழை, உங்கள் கைப்பிழை இல்லை. டேட்டம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகைகளை எண்ண வைத்துக்கொண்ட அடிப்படை. மூலையில் அச்சிட்ட எண்கள் அந்தக் காலத்து நீள்வட்டத்தில் (பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொண்ட கணித உரு) கணக்கிட்டவை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தில் இருக்கும். அமெரிக்கப் பழைய தாள்களில் பெரும்பாலானவை என்ஏடி27 என்ற 1927-ஆம் ஆண்டு வட அமெரிக்க டேட்டத்தில். அதே எண்ணை இன்றைய ஜிபிஎஸ் டேட்டமான டபிள்யூஜிஎஸ்84 என்று மென்பொருளிடம் சொன்னால் தாள் முழுதாக நகரும். நான்கு மூலையும் ஒரே அளவு தப்பாக இருப்பதால் அவை தமக்குள் ஒத்துப்போகின்றன. பிழை எண்ணும் சிறிதாகத் தெரிகிறது. அந்த எண் புள்ளிகளுக்குள் இருக்கும் ஒற்றுமையை மட்டும்தான் சொல்லும், தாள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்லாது.

ஜியோரெஃபரன்சர் அமைப்பில் இலக்கு ஆய முறையாகப் பழைய டேட்டத்தைக் கொடுங்கள். என்ஏடி27-க்கு இபிஎஸ்ஜி (ஆய முறைகளுக்கான குறியெண்) 4267, எவரெஸ்ட் நீள்வட்டத்தில் அமைந்த இந்திய டேட்டமான கலியான்பூர் 1975-க்கு 4146. உங்கள் 1914–15 தாளுக்குக் கலியான்பூர் 1937 என்ற 4144-ஐயும் வைத்துப் பாருங்கள். பிறகு திட்டத்தை டபிள்யூஜிஎஸ்84-இல் திறந்தால் மென்பொருளே மாற்றிக் காட்டும். எந்த உருமாற்றம் வேண்டும் என்று கேட்கும்போது "பால்பார்க்" என்று எழுதியதைத் தொடாதீர்கள். அது டேட்டம் நகர்வையே கணக்கில் எடுக்காது, பழைய 200 மீட்டர் அப்படியே நிற்கும்.

சரிபார்க்க ஐந்தாறு இடங்கள் போதும்: ரயில் பாதைகள் பிரியும் புள்ளி, பழைய கல்பாலம், முக்கோண அளவைக் கல். ஆற்றங்கரை, குளக்கரை, சாலை வளைவு ஆகியவை வேண்டாம், அவை தாமே நகர்ந்திருக்கும். எவ்வளவு நெருங்க வேண்டும் என்றால், 1:63,360-இல் தாளில் அரை மில்லிமீட்டர் நிலத்தில் 32 மீட்டர். 400 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 4 மீட்டர். எனவே 30 மீட்டருக்குள் வந்தால் நிறுத்திவிடலாம். அதற்கும் கீழே துல்லியம் தேடுவது தாளில் இல்லாததைத் தேடுவது.

மைல்கல்

கோட்டுவரி சொன்னதோடு ஒன்று: இன்னும் பழைய தாள்களுக்குப் போனால் டேட்டத்துக்கு முன்பு தொடக்கத் தீர்க்கரேகையைப் பாருங்கள். பிரெஞ்சுத் தாள்கள் பாரிஸிலிருந்து எண்ணும்; கிரீனிச்சுக்கு மாற்ற 2°20′14″ கூட்ட வேண்டும். பழைய இந்தியத் தாள்கள் சென்னை வானாய்வகத்தை 80°17′21″ என்று வைத்துக் கணக்கிட்டவை. பின்னாளில் அது 80°14′54″ என்று திருத்தப்பட்டதால், தீர்க்கரேகையில் 2′27″ கழிக்கச் சொல்லி ஓரத்தில் சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கும். 13° அட்சரேகையில் அது ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். ஊரே பக்கத்து ஊரில் போய் உட்காரும். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டிவிடும் பழக்கம் இங்கேதான் கெடுக்கிறது.

இனி ஆண்டு. தாளில் மூன்று விதத் தேதிகள் உண்டு: நிலத்தில் அளந்தது, திருத்தியது, அச்சிட்டது. வரலாற்றுக்கு முதலாவதுதான் சாட்சி. 1931 அச்சு என்பதால் 1931-இல் ஊர் அப்படி இருந்தது என்று எழுதக்கூடாது. ஆனால் மறு அச்சில் ரயில் பாதையையும் பெரிய சாலைகளையும் மட்டும் சேர்ப்பார்கள். வீடுகள் 1915-இலேயே நின்றுவிடும். ஒரே தாளில் இரண்டு காலம். அமெரிக்க 1:24,000 தாள்களில் இது கண்ணுக்கே தெரியும்: வான்படத்தைப் பார்த்துச் சேர்த்து, நேரில் போய்ச் சரிபார்க்காத திருத்தங்கள் ஊதா நிறத்தில் இருக்கும்.

உங்கள் சாலைக்கு "1915-க்குப் பின், 1972-க்குள்" என்பதுதான் விடை. ஒவ்வொரு அம்சத்துக்கும் அட்டவணையில் நான்கு கட்டம் வையுங்கள்: கடைசியாக இல்லாத ஆண்டு, முதலில் தெரிந்த ஆண்டு, கடைசியாகத் தெரிந்த ஆண்டு, உறுதி. இடையில் இன்னொரு தாள் கிடைத்தால் இடைவெளி தானாகச் சுருங்கும். அமெரிக்க ஊர்களுக்கு அந்நாட்டு நிலவியல் துறையான யூஎஸ்ஜிஎஸ்-இன் டோப்போவியூ தளத்தில் 1884 முதலான தாள்கள் ஜியோடிஃப்-ஆகவே (இடம் பொருத்திய படக் கோப்பு) இலவசம். பிரிட்டனுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகம், இந்தியாவுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் 1:250,000 யூ502 வரிசை. அந்தக் கடைசி வரிசையில் அரை மில்லிமீட்டர் 125 மீட்டர். தெரு தேடாதீர்கள், ஊர் இருக்கிறதா, தடம் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தாள்வாசி

நன்றி. 4146 கொடுத்ததும் நடுப்பகுதி சரியாக வந்துவிட்டது. ஆனால் கிழக்குப் பாதி இன்னும் 150 மீட்டருக்கு மேல் விலகுகிறது. இருபது இடங்களைக் குறித்துத் தின் பிளேட் ஸ்ப்லைன் (படத்தை வளைத்து இழுத்துப் பொருத்தும் முறை) போட்டால் பிழை சுழி என்று காட்டுகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? தாள் துணியில் ஒட்டி மடித்தது.

கோட்டுவரி

துணியில் ஒட்டியது என்பதுதான் காரணம். மடிக்க வசதியாகத் தாளைத் துண்டுகளாக வெட்டி, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டுவார்கள். 3 மில்லிமீட்டர் இடைவெளி உங்கள் அளவுத்திட்டத்தில் 190 மீட்டர். படத்தில் ஒவ்வொரு துண்டையும் தனியாக வெட்டி, இடைவெளியை மூடி ஒட்டிவிட்டு, மறுபடி பாலினோமியல் 1 (நேர்கோடுகளை வளைக்காமல் பொருத்தும் முறை) போடுங்கள்.

ஸ்ப்லைன் சுழி காட்டுவதை நம்பாதீர்கள். எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போயே தீரும்படி செய்த முறை அது. தவறாகக் குறித்த புள்ளியையும் சரி என்று ஏற்று, சுற்றியுள்ள நிலத்தை இழுத்துவிடும். அதைத்தான் போட வேண்டும் என்றால் இருபதில் ஐந்தைச் சேர்க்காமல் ஒதுக்கி, அவை எங்கே விழுகின்றன என்று அளந்து பாருங்கள். அந்த ஐந்தின் விலகல்தான் உண்மையான பிழை.

கரைமேடு

மண்மேட்டுக்கு வருகிறேன். சமவுயரக் கோடுகளோடு வைத்துப் பார்த்தால் நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஏரிக்கரை பள்ளத்தை அடைக்கும். இரு முனையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் மேட்டில் போய் முடியும். வெள்ளத்தடுப்புக் கரை ஆற்றை ஒட்டியே போகும். வாய்க்கால் கரை சமவுயரக் கோட்டை விட்டு மெல்ல மெல்லத்தான் இறங்கும். ரயில் பாதையின் மேடோ கோடுகளை வெட்டிக்கொண்டு போகும்: பள்ளத்தில் மேடு, அடுத்த மேட்டில் வெட்டு, வளைவு எங்கும் ஒரே சீராக. பக்கத்தில் "5r" போல ஓர் எண் இருந்தால் அது கடல்மட்ட உயரம் இல்லை, தரையிலிருந்து மேட்டின் உயரம்.

1972 தாளில் இல்லை என்பதால் இடித்துவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். குறியீட்டு விதி மாறினாலே சிறிய மேடுகள் விடுபடும். ராணுவ இடங்களை வேண்டுமென்றே விட்டுவிடுவதும் உண்டு. அமெரிக்கத் தாள்களில் இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கும் நகரப் பகுதியில் முக்கியக் கட்டடங்கள் மட்டுமே வரும், வீடுகளே வராது.

இன்றைய படத்தில் தேட, பழைய தாளை மேல் அடுக்காக வைத்துக் கலப்பு முறையை மல்டிப்ளை ஆக்குங்கள். வெள்ளைத்தாள் மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும். நேர்கோட்டுத் தெருக்களுக்கு நடுவே ஒரே ஒரு வளைந்த தெரு, வளைவாக வரிசைப்பட்ட சுற்றுச்சுவர்கள், அதே வளைவில் ஓடும் மனை எல்லை: மேடு போன பிறகும் இவை தங்கும். விண்ணிலிருந்து அளந்த 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு பாதை அகல மேடு தெரியாது. 1 மீட்டர் லைடார் (லேசரால் அளந்த உயரத் தரவு) கிடைத்தால் ஹில்ஷேட் (மேடுபள்ளத்தை நிழலிட்டுக் காட்டும் படம்) போட்டுப் பாருங்கள்.

நேரில் போகும் முன் தாளை எம்பிடைல்ஸ் (இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடக் கோப்பு) ஆக்கிக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜூம் 16 வரை போதும். 4 மீட்டர் பிக்சலுக்கு அதற்கு மேல் கோப்பு பெருக்குமே தவிர விவரம் கூடாது. வளைவின் இரு முனைகளையும் முதலில் பாருங்கள். முனையில் பழைய மதகுக் கல் நின்றால் ஏரி, பாலத்தின் தாங்குசுவர் நின்றால் ரயில் பாதை.