மரிம்பாவை நம்பிப் பிழைப்பு ஓடுமா?

குன்னூர் அப்பா:
மகள் பதினோராம் வகுப்பு. பள்ளியில் ஓரமாகக் கிடந்த பழைய சைலஃபோனை, அதாவது வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவியை, தட்ட ஆரம்பித்தவள், யூடியூப்பில் ஜப்பானியக் கலைஞர் கெய்கோ அபே வாசிப்பதைப் பார்த்துவிட்டு இனி அதே வகையில் பெரிய கருவியான மரிம்பாதான் என்கிறாள், தனிக் கச்சேரி செய்ய வேண்டுமாம், தானே இசையமைக்கவும் வேண்டுமாம். என் அம்மா, "ஜலதரங்கம்னாலும் நாலு பேருக்குத் தெரியும்" என்கிறார். இதில் சோறு கிடைக்குமா?

தாளக்காரன், சென்னை:
தனிக் கச்சேரி மட்டும் வைத்துப் பிழைப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் சார். மற்றவர்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள், ஆர்கெஸ்ட்ராவில் டிம்பனி என்ற பெரிய முரசிலிருந்து டிரையாங்கிள் என்ற சின்ன முக்கோணக் கம்பி வரை எது கொடுத்தாலும் வாசிப்பார்கள். அவளும் எல்லாம் பழகட்டும். ஆனால் இசையமைப்பு ஆசையை மட்டும் தடுக்காதீர்கள். அபே 1960களில் மேடையேறியபோது மரிம்பாவுக்கென்று எழுதிய உருப்படிகளே குறைவு, அதனால் பிறரிடம் கேட்டு எழுதி வாங்கினார், தானும் எழுதினார், யமஹாவோடு உட்கார்ந்து கருவியையே ஐந்து ஸ்தாயிக்கு வளர்த்தார். வாசிக்க ஒன்றுமில்லாத இடத்தில் வாசிப்பவரே எழுதித்தான் ஆக வேண்டும்! அப்புறம், ஒரு கைக்கு இரண்டு குச்சி, மொத்தம் நாலு. விரலிடுக்கில் கொப்புளம் வரும், பயப்படாதீர்கள். குச்சித் தலையில் கம்பளி நூல் சுற்றியிருக்க வேண்டும், சைலஃபோனுக்கான கெட்டித் தலையால் அடித்தால் மரிம்பாக் கட்டை வீணாகிவிடும்.

கோத்தகிரி மழை:
கருவி வாங்கினால் எங்கே வைப்பீர்கள் என்று யோசியுங்கள். நல்ல மரிம்பாவின் கட்டைகள் ஹோண்டுராஸ் ரோஸ்வுட் என்ற மரம், நம் ஊர் ஈரத்தை இழுத்தால் சுருதி இறங்கும். குளிரில் இன்னொரு வம்பு: கட்டைகளுக்கு அடியில் தொங்கும் குழாய்க்குள் இருக்கும் காற்றின் சுருதி இறங்கும், கட்டையோ லேசாக ஏறும், இரண்டும் ஒத்துப்போகாமல் கீழ் ஸ்வரங்கள் மந்தமாகக் கேட்கும். எங்கள் வீட்டு வயலின் பெட்டியில் ஜூலை மாதம் பூஞ்சை பூத்தது, அதை வைத்துச் சொல்கிறேன். ஒரு ஆறுதல், வெளியூர்க் கச்சேரிக்கு இதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் அங்கே இருப்பதில் வாசித்துவிட்டுக் குச்சிப் பையோடு திரும்புவார்கள். இசையமைக்க ஆசை என்றால் முதலில் நம் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலையும் மேளத்தையும் நேரில் கேட்கச் சொல்லுங்கள். அவர்களிடம் கேட்காமல் எடுத்துப் பாட்டில் சேர்த்துவிட வேண்டாம்.

குன்னூர் அப்பா:
நன்றி. படித்துக் காட்டினேன். இப்போது சாப்பாட்டு மேசையில் நாலு குச்சி ஓடுகிறது, அம்மா பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் சுற்றிக்கொண்டிருக்கிறார்.