பழைய அலாய் வீல் வாங்கும்போது போல்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்

மாருதி ஸ்விஃப்ட் காரின் இரும்புச் சக்கர டிஸ்க்குகளுக்குப் பதிலாகப் பழைய அலாய் வீல்கள் போடுவதென்று சென்ற ஆண்டு முடிவு செய்து, காரைக்குடிக்கு வெளியே திருச்சி சாலையிலுள்ள ஒரு பழைய உதிரிபாகக் கடைக்குச் சென்றேன். கோட்டையூரில் எங்கள் வண்டிகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனும் உடன் வந்தார்.

கடைக்காரர் முதலில் காட்டியவை ஹோண்டா சிட்டியில் கழற்றிய 15 அங்குலச் சக்கரங்கள். "நாலு போல்ட் வண்டி எதுக்கும் இது உக்காரும் தம்பி" என்றார். போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், இரண்டு கார்களுக்கும் 100 மி.மீ. என்பது உண்மைதான். ஆனால் அண்ணன் சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு, நடுத்துளையில் வெர்னியர் அளவுகோலை வைத்துக் காட்டினார்: சிட்டிக்கு 56.1 மி.மீ., சக்கரம் போய் உட்காரும் ஸ்விஃப்டின் ஹப்புக்கு 54.1 மி.மீ. இந்த இடைவெளியை அடைக்க லேத் பட்டறையில் வளையம் கடைந்து போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராமல், வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கும்.

அதைவிட முக்கியமானது நட்டு. ஹோண்டாவின் நட்டு அமரும் குழி உருண்டையானது. மாருதியின் நட்டோ கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு நட்டை முறுக்கினால் மெல்லிய ஒரு விளிம்பில் மட்டுமே பிடித்து, ஓட ஓடத் தளர்ந்துவிடும். ஹோண்டா நட்டையே போடலாமென்றால் அதன் மரை இடைவெளி 1.5 மி.மீ., மாருதியின் ஸ்டடு (நட்டு ஏறும் திருகுத் தண்டு) மரை 1.25 மி.மீ.; ஏறவே ஏறாது. சக்கரம் கழன்றால் போவது உயிர் என்பதால், விலை எவ்வளவு குறைந்தாலும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே கடையில் ஹூண்டாய் ஐ20 காரின் 14 அங்குல அலாய் வீல்கள் இருந்தன. போல்ட் வட்டமும் நடுத்துளையும் ஸ்விஃப்டுக்கு அப்படியே ஒத்துப்போவதோடு நட்டுக் குழியும் கூம்புதான் என்பதால் எங்கள் நட்டுகளையும் 165/80 ஆர்14 டயர்களையும் மாற்றத் தேவையிருக்கவில்லை. பேலன்சிங் எந்திரத்தில் சுற்றவிட்டுப் பார்த்த பிறகே பணம் தருவோம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எந்திரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஆடியது. உட்பக்க விளிம்பில் பெயிண்டை நகத்தால் சுரண்டியபோது, அடியில் வெல்டிங் தழும்பு விரல் நீளத்துக்கு ஓடியது. பள்ளத்தில் இறங்கி விரிசல் விட்டதை அடைத்துப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

சக்கரத்தோடு டயரும் தருவதாகச் சொன்னார். தரையில் படும் பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்கம் 0914, அதாவது 2014ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத் தயாரிப்பு. ரப்பர் முழுக்க நுண்ணிய வெடிப்பு. வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் கொட்டகைகளில் நிற்கும் அம்பாசிடர்களுக்கு, 2014இல் உற்பத்தி நின்ற பிறகு, பழைய சாமான்தான் பெரிய துணை. கதவு, பானெட், கண்ணாடி, விளக்குக் கூடு ஆகியவற்றைத் தயங்காமல் பழையதாக வாங்கலாம். இங்கே கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பிரேக் ஹோஸ், முன் சக்கரங்களை ஸ்டீயரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் இணைக்கும் டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், சீட் பெல்ட் ஆகியவற்றை மட்டும் எந்தக் காருக்கும் பழையதாக வாங்கவே வேண்டாம். எதை வாங்கினாலும் எந்த வண்டியில் கழற்றியது என்று குறிப்பிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். திருட்டுச் சாமான் நம் கைக்கு வராமலிருக்க அது அவசியம்.

சக்கரம் மாட்டியபின் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். நாங்கள் மதுரை சென்றடைந்ததும் சோதித்ததில் முன் இடது சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று ஏறின.