பாலைப்பழக் காலமும் எங்கட காடும்: மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்

வெளிநாட்டில் இருக்கிற ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊரில் பாலைப்பழம் தொடங்கிவிட்டது. மாங்குளம் – முல்லைத்தீவு வீதிக்கரையில் சுண்டுப் பேணியால் அளந்து விற்கிற படங்கள் உங்களுக்கும் வந்திருக்கும். அதை ஒட்டி ஒரு விசயம் கதைக்க வேண்டியிருக்கிறது.

எங்கட குழுவின் போன கூட்டத்தில், "சனம் உள்ளுக்குப் போகாமல் விட்டாலே காடு தப்பிவிடும்" என்று சிலர் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் நடப்பு வேறு. முதிரை மரமும் பாலை மரமும் களவாக வெட்டுப்படுவது ஆள் புழக்கம் இல்லாத பக்கத்தில். பழத்துக்கும் தேனுக்கும் முசுட்டை இலைக்கும் ஆக்கள் போய்வருகிற பக்கத்தில் புதிதாக ஒரு உழவு இயந்திரத் தடம் விழுந்தால் அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிடும். பழம் பொறுக்கப் போகிற பெண்கள்தான் எங்கட காட்டுக்குக் காவல்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இந்தமுறை தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறது: கொப்பு வெட்டக் கூடாது. மரத்துக்குக் கீழே படங்கு விரித்து, உலுப்பி, விழுகிறதை எடுப்பது மட்டும்தான். பாலை மிக ஆறுதலாக வளருகிற மரம். எல்லா வருசமும் ஒரே மாதிரிக் காய்க்கவும் மாட்டாது. கொப்பைத் தறித்து நிலத்தில் போட்டுப் பழம் ஆய்ந்தால் அந்தக் கொப்பு திரும்ப வர எத்தனை வருசம்! விடியப்புறம் ஒருவரும் போவதில்லை, அது கரடி மேய்கிற நேரம். இந்த மாதங்களில் அதுக்கும் பாலைப்பழமும் வீரைப்பழமும்தான் சாப்பாடு. உச்சிப் பழத்தைக் குரங்குக்கும் பறவைக்கும் விட்டுவிடுகிறார்கள்.

கொப்பு வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிறைக்கணக்கில் வாங்க வருகிற வியாபாரிகளுக்காக வெட்டுகிறார்கள். அந்த வியாபாரத்தில் வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆசையும் கலந்திருக்கிறது. கன நாள் வைத்திருக்க ஏலாத பழம் அது. பெட்டி பெட்டியாக அனுப்பச் சொல்லித் தயவுசெய்து ஒருவரையும் கேட்காதேங்கோ. சங்கத்துப் பெண்கள் காய்ச்சுகிற பாலைப்பழப் பாணியை வாங்குவோம், காசு அவர்களின் கையிலேயே நிற்கும்.

இனிச் சட்டப் பக்கம். 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒதுக்கக் காடு என்று வர்த்தமானியில் வந்த இடத்துக்குள் அனுமதி இல்லாமல் போவதே குற்றம். அங்கே ஒருவரையும் போகச் சொல்லவில்லை. நான் சொல்வது அப்படி ஒதுக்கப்படாத மற்ற அரச காட்டை. 2001இல் வந்த 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதை வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020இல் அந்தச் சுற்றறிக்கையை நீக்கி, பொறுப்பைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்கள் பக்கம் திருப்பினார்கள். இப்படிக் கடதாசியில் கைமாறுகிற காட்டில், நாளைக்கு ஒரு கம்பனிக்குத் துண்டு பிரித்துக் கொடுக்கிற கதை வந்தால், "இது ஊர் தலைமுறையாகப் புழங்குகிற இடம்" என்று காட்ட எங்களிடம் என்ன எழுத்து இருக்கிறது? போருக்குப் பிறகு மீளக்குடியேறப் போனவர்கள் தங்கட பழைய வயலுக்குள் எல்லைக்கல் கண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதும் எழுத்து இல்லாததுதான் குறை.

அதனால் அறுபது தாண்டிய அண்ணாமார், அக்காமாரிடம் கேட்கிறேன். எந்தப் பாதையால் போனீர்கள், எந்தக் குளத்துக்குப் பின்னால் வீரை அடர்த்தி, எங்கே முரலிப்பழம், எங்கே தேன், எந்த மாதம், மழை விட்டபிறகு காளான் எந்த மேட்டுப் புட்டியில் முளைத்தது, அந்த இடங்களுக்கு என்ன பெயர் என்று எழுதித் தாங்கோ. கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, குரல் பதிவும் சரி. ஊர்ப் பெண்கள் அதை இப்போதைய பாதைகளோடு ஒப்பிட்டு வரைபடமாக்கி, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் கொடுப்பார்கள்.

பெரிய முதிரை நிற்கிற இடத்தை மட்டும் இந்தக் குழுவில் போடாதேங்கோ. இந்த மடல் எத்தனை பேருக்குக் கைமாறிப் போகும் என்று சொல்ல ஏலாது. அதை எங்கட குழுவின் செயலாளருக்குத் தனியாக எழுதுங்கோ. படங்கு வாங்கக் காசு தர விரும்புகிறவர்களும் அவருக்கே அறிவிக்கலாம். பாலைப்பழம் முடிய முன்னம் கிடைத்தால் இந்த முறையே பயன்படும்.