காரைக்கால் மாணவிக்கு அசிம் பிரேம்ஜி உதவித்தொகை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவின் மகள் இந்த வருடம் கல்லூரி சேர்கிறாள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் காரைக்கால் அரசுப் பள்ளியில்தான் படித்தாள். அப்படிப் படித்த பெண்களுக்கு அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, படிப்பு முடியும்வரை வருடத்துக்கு 30,000 ரூபாய் கொடுக்கிறது. புதுச்சேரிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்பது வரை சரி. ஆனால் இவளுக்கு இடம் கிடைத்திருப்பது கும்பகோணத்தில். வெளி மாநிலத்தில் சேர்ந்தால் கிடைக்குமா? வங்கிக் கணக்கு அம்மா பெயரில் மட்டும்தான் இருக்கிறது, அது போதுமா? போன வருடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இங்கே ஒரு கணினி மையத்தில் விண்ணப்பம் போட்டுத்தர 500 ரூபாய் கேட்கிறார்கள். விண்ணப்பமே இலவசம்! அதனால் நானே உட்கார்ந்து போட்டுத்தரப் போகிறேன்.