பழைய ஒலிப்பதிவுகளை அனுமதி கேட்காமல் பொதுவில் வைப்பது காப்பாற்றுவதா, எடுத்துக்கொள்வதா?

அரக்குத்தட்டு:
நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளை எண்ம வடிவுக்கு மாற்றி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைத்தது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம். 2023 ஆகஸ்டில் யூனிவர்சல், சோனி உள்ளிட்ட இசை நிறுவனங்கள் உரிமை மீறல் என்று அதன்மேல் வழக்குப் போட்டன. 2025 செப்டம்பரில் சமரசம் ஆயிற்று.

எனக்கு இதில் இன்னும் மனம் ஆறவில்லை. 1890 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான பதிவுகளில் சுமார் 14 சதவீதத்தைத்தான் உரிமையாளர்கள் மறுபடி கிடைக்கச் செய்திருந்தார்கள் என்று 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. மற்றதெல்லாம் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது? எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களின் பரணில். கீழே விழுந்தால் உடைகிற அரக்குத் தட்டு அது. தெரியாமல் ஆல்கஹால் விட்டுத் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். சொந்தக் காசில், ஊசி மாற்றி மாற்றிப் பதிவெடுக்கிறோம். உரிமை உரிமை என்று பேசுகிறவர்கள் அந்தத் தட்டைத் தேடி வந்ததே இல்லை.

வில்லும்தந்தியும்:
நான் வயலின் வாசிப்பவள். இருபது வருடங்களுக்கு முன் நாங்கள் நான்கு பேர் ஒரு தொகுப்பு பதிவு செய்தோம். ஒப்பந்தப்படி மாஸ்டர், அதாவது மூலப்பதிவு, நிறுவனத்துடையது. அவர்கள் அதை விற்பதும் இல்லை, எங்களிடம் தருவதும் இல்லை. போன வருடம் ஒரு சேகரிப்பாளர் முழுத் தொகுப்பையும் இணையத்தில் ஏற்றியிருந்தார். எங்களில் இருவர் பெயரே இல்லை. எழுதிக் கேட்டதற்கு, "நான் காப்பாற்றியிருக்கிறேன், நன்றி சொல்லுங்கள்" என்று பதில் வந்தது.

நிறுவனமும் எங்களைக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் வழக்கில் சினாட்ரா, பில்லி ஹாலிடே போன்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர்களின் பாடல்களும் இருந்தன. அவை எங்கே அழியப் போகின்றன? இன்றைக்கும் எல்லா இசைச் செயலியிலும் கிடைக்கின்றன.

அரக்குத்தட்டு:
பெயரை விட்டது தவறுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யூனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கே மூலநாடாக்கள் இருந்த கிடங்கும் எரிந்தது. 5,00,000 பாடல்கள் வரை போயிருக்கலாம் என்று நிறுவனத்தின் உள் ஆவணமே சொன்னதாக 2019இல்தான் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் அந்த அளவை மறுத்தது. சரி, எவ்வளவோ இருக்கட்டும். தங்கள் நாடா எரிந்ததா இல்லையா என்று பாடியவர்கள் பதினொரு வருடம் கழித்துப் பத்திரிகையைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? உரிமை வைத்திருப்பவன் பாதுகாப்பான் என்பதை நான் எப்படி நம்புவது?

நாடாப்பெட்டி:
இருவரும் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். நான் நாடாக்களைச் சரிசெய்யும் தொழிலில் இருக்கிறேன். எழுபது, எண்பதுகளில் வந்த பல நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகிறது. அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் கொஞ்ச காலத்துக்கு ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இந்த வேலை வழக்கு முடியும்வரை காத்திருக்காது.

ஆகவே பிரதி எடுப்பதற்கு யாரும் தடை போடக் கூடாது என்பது என் கட்சி. அதைப் பொதுவில் வைப்பது வேறு விஷயம். சிதைந்துவரும் பதிவுக்கு நியாயமான விலையில் வேறு பிரதி கிடைக்காதபோது நூலகங்கள் பிரதி எடுக்க அமெரிக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்த எண்மப் பிரதியை வளாகத்துக்கு வெளியே தரக் கூடாது, அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் 2011இல் ஒலிப்பதிவு உரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியபோது ஒரு நல்ல விதியும் சேர்த்தார்கள். 50 ஆண்டு கழிந்த பின்னும் நிறுவனம் பதிவைச் சந்தையில் வைக்கவில்லை என்றால், கலைஞர் அறிவிப்பு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை இல்லையென்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

வில்லும்தந்தியும்:
விதி நல்லதுதான், ஆனால் ஐம்பது வருடம்! முப்பது வயதில் வாசித்தவர் எண்பதில் கடிதம் எழுத வேண்டுமா? அமெரிக்காவில் 35 ஆண்டு கழித்து உரிமையைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. அங்கேயும் "அது கூலிக்குச் செய்த வேலை, கேட்க முடியாது" என்று நிறுவனங்கள் வாதாடுகின்றன. ஐந்து வருடம் விற்கவில்லை என்றால் மாஸ்டர் வாசித்தவர் கைக்கு வரட்டும். என் பதிவை என்னைவிட அக்கறையாக யார் பார்த்துக்கொள்வார்கள்?

அரக்குத்தட்டு:
ஐந்து வருடக் கோரிக்கைக்கு என் கையெழுத்தும் உண்டு. ஆனால் என்னிடம் இருக்கும் தட்டுகளில் பாதிக்கு மேல், பாடியவர் இல்லை, நிறுவனமும் இல்லை, வாரிசு யாரென்றும் தெரியாது. அவற்றைப் பூட்டி வைக்க மாட்டேன். அதில் நான் மாறப்போவதில்லை.

உயிரோடு இருப்பவர்களுடையதை இனிமேல் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவேன்.

வில்லும்தந்தியும்:
பதில் வராவிட்டால்?

அரக்குத்தட்டு:
பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன். ஏற்ற மாட்டேன்.

நாடாப்பெட்டி:
எடுக்கும்போது பெட்டியையும் உறையையும் இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். பக்கவாத்தியக்காரர் பெயர் பலமுறை பெட்டியில் பென்சிலால் மட்டும்தான் எழுதியிருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் அப்புறம் யாருக்கு எழுதிக் கேட்பீர்கள்?