கடை வெப்சைட்டில் எதையெல்லாம் மாற்றச் சொல்லலாம்? (மதுரை, சுங்குடிக் கடை)

மாசிவீதிக்காரன்

வணக்கம். தெற்கு மாசி வீதிப் பக்கம் எங்களுக்குச் சுங்குடிச் சேலைக் கடை, அப்பா ஆரம்பித்தது. கைக்கட்டுச் சுங்குடி (கையால் நூல் கட்டிச் சாயம் போடுவது), அச்சுச் சுங்குடி (புள்ளிகளை அச்சிடுவது) இரண்டும் விற்கிறோம். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று வெளியூரிலிருந்து கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியே பாதி நாள் போய்விடுகிறது. அதனால் வெப்சைட் போடலாம் என்று ஒரு டிசைனரிடம் கொடுத்தோம். மாதிரி அனுப்பியிருக்கிறார். திறந்தால் திரை முழுக்க வீடியோ, கோயில் கோபுரம், நாதஸ்வரம், அதற்குக் கீழே தானாக நகருகிற ஐந்து படங்கள், அப்புறம் "எங்கள் நோக்கம்", "எங்கள் தொலைநோக்கு". சேலையைக் காண நாலு தடவை தள்ள வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் இதில் என்ன தப்பு என்று அவரிடமும் டிசைனரிடமும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. முன்பணம் கொடுத்தாயிற்று, மீதி கொடுப்பதற்குள் எதையெல்லாம் மாற்றச் சொல்லலாம்? தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் ஓட வேண்டும்.

வைகை வடகரை

தம்பி, நான் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவன். மாதிரியை டிசைனர் தன் லேப்டாப்பில் காட்டியிருப்பார், பெரிய திரையில் வீடியோ பிரமாதமாகத்தான் தெரியும். உங்களிடம் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் போனில்தான் பார்ப்பார்கள். கூகுளும் இப்போது மொபைலில் தெரிகிற பக்கத்தை வைத்துத்தான் தேடலில் சேர்க்கிறது. அதனால் வைஃபையை அணைத்துவிட்டு சாதாரண மொபைல் டேட்டாவில், கொஞ்சம் பழைய போன் ஒன்றில் திறந்து பாருங்கள், அந்த வீடியோ வந்து சேருவதற்குள் ஆள் பின்வாங்கிப் போயிருப்பார். நாதஸ்வரமும் வீண்தான். பயனர் எதையும் தொடாமல் சத்தத்தோடு தானாக ஓடுகிற வீடியோவை குரோம் 2018 முதலே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, தடுக்காத இடத்தில் திறந்தாலோ ஆபீஸில் இருக்கிறவர் பதறிப்போய் மூடிவிடுவார்.

பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்று கூகுளின் இலவசக் கருவி இருக்கிறது, மாதிரியின் முகவரியை அதில் போட்டால் மொபைலுக்குத் தனியாக மதிப்பெண் தரும். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. டிசைனரிடம் "நல்லாயில்லை" என்று சொன்னால் அது உங்கள் ரசனை என்பார், இந்த அறிக்கையைக் காட்டினால் பேச்சுக்கே இடமில்லை.

வேகம் கெடுவதற்கு வீடியோவுக்கு அடுத்த காரணம் படங்கள். போனில் எடுத்த படம் ஒன்று நாலைந்து எம்பி வரும், அதை அப்படியே ஏற்றிவிட்டு திரையில் சின்னதாகக் காட்டுவார்கள். ஆனாலும் முழு நாலு எம்பியும் இறங்கித்தான் ஆகும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சின்ன அளவுப் பட வடிவத்தில் சேமித்தால் இருநூறு கேபிக்குள் அடங்கிவிடும், சேலையின் அழகு குறையாது. படத்தின் நீள அகலத்தைப் பக்கத்தின் நிரலில் (code) குறிப்பிடவும் சொல்லுங்கள். இல்லையென்றால் படம் வர வர பக்கம் கீழே குதிக்கும், ஒன்றைத் தொடப் போனால் விரல் வேறொன்றில் படும்.

தானாக நகரும் படங்களை நான் யாருக்கும் வைப்பதில்லை. முதல் படத்தைத்தான் பார்க்கிறார்கள், படித்துக்கொண்டிருக்கும்போதே அது ஓடிவிட்டால் எரிச்சல்தான் மிச்சம். முதல் திரையில் என்ன கடை, எந்த ஊர், நல்ல சேலைப் படம் ஒன்று, "சேலைகளைப் பார்க்க" என்று ஒரு பட்டன், இவ்வளவு போதும். கோபுரம் மதுரையில் எல்லாக் கடைக்காரரும் போடுவது, உங்கள் சேலையை நீங்கள் மட்டும்தான் போட முடியும்.

எழுத்துருப் பிரியன்

தமிழில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள், எழுதியிருந்தால் அதை விரலால் அழுத்திப் பிடித்து காப்பி செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் எழுத்தையெல்லாம் போட்டோஷாப்பில் படமாக்கி ஒட்டியிருக்கிறார் என்று அர்த்தம். ஃபிளெக்ஸ் அடித்துப் பழகியவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். பார்க்க எழுத்து போலவே இருக்கும், ஆனால் "மதுரை சுங்குடி கைக்கட்டு" என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் வந்து சேருவது கஷ்டம், பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது வெறும் படம். காப்பி செய்து ஒட்டும்போது புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். எல்லாப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று, ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டினால் எழுத்துகள் இடிக்கும். நம் எழுத்து அகலம், "கீ" மேலே போகும், "கூ" கீழே இறங்கும், அதனால் வரிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி வேண்டும். பட்டனில் "விசாரிக்க" என்று போட்டால் நிற்கும், "மேலும் விவரங்களுக்கு இங்கே சொடுக்கவும்" என்று போட்டால் மூன்று வரியாக மடங்கி அசிங்கமாகிவிடும். எழுத்துருவுக்குச் செலவு வேண்டாம், கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, நம்மூர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரை என்று தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். ஒன்றே போதும், இரண்டுக்கு மேல் வேண்டாம்.

நிறத்தையும் கவனியுங்கள். சேலைக் கடை என்றாலே மெரூன் பின்னணியில் தங்க நிற எழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அல்லது வெள்ளையில் வெளிர்சாம்பல். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று சர்வதேச அணுகல் விதிமுறையே சொல்கிறது. சித்திரை வெயிலில் தெருவில் நின்று அம்மா வயதுக்காரர் படிக்க முடிய வேண்டும்.

மீனாள்

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி. கல்யாணமாகிப் புனேவில் இருக்கிறேன், பிறந்த ஊர் திருமங்கலம், சுங்குடிதான் வெயிலுக்கு உடம்புக்கு இதம் என்று வருஷா வருஷம் வாங்குவேன். எனக்கு முதலில் தெரிய வேண்டியது விலை. "விலைக்கு அழைக்கவும்" என்று போட்டிருந்தால் அழைக்க மாட்டேன். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற எண்ணம் வந்துவிடும்.

கைக்கட்டா அச்சா என்று ஒவ்வொரு சேலைக்குக் கீழேயும் எழுதுங்கள். இரண்டுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும், அதை மழுப்பி "ஒரிஜினல் மதுரைச் சுங்குடி" என்று மட்டும் போடுகிற கடைகளை நான் நம்புவதில்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லிக்கொள்ளும்போது எது எப்படிச் செய்தது என்றும் சொல்ல வேண்டும் இல்லையா. கைக்கட்டுக்கு ஒரு படம் கிட்டத்தில் எடுங்கள். நூல் அவிழ்த்த இடத்தில் துணி லேசாக மேடிட்டு நிற்பதும், புள்ளிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் அளவு மாறி இருப்பதும் தெரிய வேண்டும். அந்தப் படம் ஒன்றே விலைக்குக் காரணம் சொல்லிவிடும். எங்கோ வாங்கிய மாடல் பெண் படம் வேண்டாம். கடை டியூப்லைட்டில் எடுத்தால் அரக்கு சிவப்பாகவும் பச்சை நீலமாகவும் தெரிகிறது, காலையில் வாசல் வெளிச்சத்தில் எடுங்கள்.

நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, சாயம் போகுமா, முதல் தண்ணீர் எப்படி விட வேண்டும், வந்து சேர எத்தனை நாள், கறை இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, இத்தனையும் சேலைப் பக்கத்திலேயே இருக்கட்டும். இதையெல்லாம் எழுதிவிட்டால் உங்கள் வாட்ஸ்அப் கேள்வியில் முக்கால்வாசி குறைந்துவிடும். விற்றுப்போன சேலையை விற்றுவிட்டது என்று காட்டுங்கள். பணம் கட்டிய பிறகு "அந்தக் கலர் இல்லை மேடம்" என்று எனக்கு ஒரு கடையில் வந்தது, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கணக்கப்பிள்ளை

ஆன்லைனில் விற்பதாக இருந்தால் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், புகார் அலுவலர் விவரம் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கவும் கூடாது. போன் எண் தொட்டால் அழைப்பு போக வேண்டும், படத்துக்குள் எண்ணை எழுதினால் போகாது.

மாசிவீதிக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காப்பி செய்து பார்த்தேன், "எங்கள் நோக்கம்" முழுக்கப் படம்தான். மீனாள் அக்கா சொன்ன மாதிரி நாளைக் காலையில் வாசலில் வைத்து எடுத்துப் பார்க்கிறேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் யோசனை. இன்னொரு கேள்வி, டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) தன் கணக்கிலேயே இருக்கட்டும், வருஷா வருஷம் தானே புதுப்பித்துத் தருவதாக டிசைனர் சொல்கிறார். சரியா?

வைகை வடகரை

அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் தம்பி. அவர் போனிலேயே மாதிரியைத் திறந்து கொடுத்து, "ஆயிரத்து ஐந்நூறுக்குள் ஒரு பச்சைச் சேலை எடுங்க" என்று கேளுங்கள், பக்கத்தில் நின்று உதவாதீர்கள். வியாபாரம் தெரிந்த மனுஷன், வாடிக்கையாளர் எந்த இடத்தில் எழுந்து போவார் என்று அவருக்கே புரிந்துவிடும்.

டொமைன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கணக்கு, உரிமையாளர் என்ற இடத்தில் கடைப் பெயர். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் ஹூயிஸ் தேடலில் பெயரை மறைத்திருப்பார்கள், அதனால் கணக்குக்குள் போய்ப் பார்த்து உறுதி செய்யுங்கள். டிசைனருடன் மனஸ்தாபம் வந்து பெயரை மீட்க முடியாமல், போர்டிலும் பையிலும் அச்சடித்த முகவரியை விட்டுவிட்டு வேறு பெயர் வாங்கிய கடைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. கணக்கு உங்கள் கைக்கு வந்து, பாஸ்வேர்டு மாற்றிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.